பூமியின் நிறையும் எங்கள் கரையும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருவர் பேச வருகிறார் என்றதும் சீனி வருத்தம், கொலஸ்ரோல், உப்பைக் குறையுங்கள் என்று ஏதோ வரப்போகிறது என மனத்தைத் தயார்செய்துகொண்டு வந்திருப்பீர்கள். இன்று உங்களுக்கு விடுதலை. பிடித்த விடயம் எதுவானாலும் பேசலாம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் கடந்த இருபது வருடமாக நான் ஓய்வு நேரங்களில் வாசித்துவரும் ஒரு விடயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பூமியின் ஈர்ப்பு காலத்துக்குக் காலம் மிகச் சிறிதளவு மாறுகிறது. அந்த மாற்றத்தை அளக்க முடியும் என்பதே அது. வைத்தியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு எளிய ஊசல் பரிசோதனை ஞாபகம் இருக்கும். நூலில் கட்டிய குண்டு, நிறுத்தற் கடிகாரம், இருபது அலைவுகளுக்கு எடுத்த நேரம், பிறகு வரைபுத் தாள். விடை 9.8 இற்கு அண்மையில் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த g ஒரு மாறிலி என்றுதான் கணக்குகளில் போட்டோம். உண்மையில் அது இடத்துக்கு இடம் மாறும். மட்டக்களப்பில் ஏறக்குறைய 9.78, துருவங்களில் 9.83. பூமி நடுவில் சற்றுப் பருத்துச் சுழல்வதால் வரும் வித்தியாசம் அது. அதற்கு மேல், கீழே இருக்கும் பாறை அடர்த்தியானதா இலேசானதா என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. உலகம் முழுவதிலும் ஈர்ப்பினால் ஏற்பட்ட மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான் இருக்கிறது. அங்கே கடல் மட்டம், பூமியை ஒழுங்கான நீள்வளையக் கோளமாகக் கொண்டால் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 106 மீற்றர் தாழ்ந்து நிற்கிறது. கப்பலில் போகிறவருக்குச் சரிவு எதுவும் தெரியாது. நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதுவே அவருக்குச் சமதளம். நெதர்லாந்தைச் சேர்ந்த வெனிங் மைனெஸ் 1948 இல் கப்பலில் ஈர்ப்பை அளந்து சென்றபோது இதைக் கண்டார். ஏன் இப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் வந்தன. 2023 இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த ஆத்ரேயி கோஷ் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய மாணவரும், ஆபிரிக்கப் பக்கத்தின் ஆழத்திலிருந்து வந்து சேர்ந்த சூடான, அடர்த்தி குறைந்த பாறையே இதற்குப் பெரிதும் காரணம் என்று கணினிக் கணிப்புகள் மூலம் காட்டினார்கள். அந்தப் பள்ளம் கோடிக்கணக்கான வருடங்களில் உண்டானது. நான் பேச வந்தது மாதத்துக்கு மாதம் நடக்கும் மாற்றத்தைப் பற்றி.

சிறுநீரக நோயாளிகளைப் பராமரித்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். டயலிசிஸ் செய்யும் நோயாளியை நாங்கள் முதலில் தராசில் ஏற்றுவோம். போன முறை போகும்போது 52 கிலோ. இன்று வரும்போது 54½. இரண்டு நாளில் தசை வளராது, கொழுப்பும் இவ்வளவு ஏறாது. கூடின இரண்டரைக் கிலோவும் தண்ணீர். நோயாளியின் மொத்த நிறை முக்கியமில்லை, இரண்டு நிறைகளுக்கும் இடையிலான வித்தியாசந்தான் எல்லாவற்றையும் சொல்லும்.

பூமியையும் இப்படி நிறுத்துப் பார்க்கலாம். தராசு வானத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நாசாவும் ஜேர்மனியின் விண்வெளி நிலையமும் சேர்ந்து 2002 மார்ச் 17 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ‘கிரேஸ்’ என்ற பெயரில் இரட்டைச் செய்மதிகளை ஏவின. ஒன்றின் பின் ஒன்றாக, சுமார் 220 கிலோமீற்றர் இடைவெளியில், ஒரே பாதையில் பூமியைச் சுற்றின. அவற்றை இயக்கியவர்கள் டொம், ஜெரி என்று செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். முன்னே போவது ஒரு பாரமான பகுதியை நெருங்கும்போது சற்றுக் கூடுதலாக இழுபட்டு முன்னேறும், இடைவெளி கூடும். பின்னால் வருவது அதே பகுதியை நெருங்கும்போது அதுவும் இழுபட, இடைவெளி குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை நுண்ணலை மூலம் சில மைக்கிரோமீற்றர் அளவுக்கு அளந்தார்கள். மனித மயிரின் தடிப்பில் ஒரு சிறு பங்கு அது. மாதத்துக்கு ஒரு தடவை முழுப் பூமியின் ஈர்ப்புப் படத்தையும் வரையலாம். இரண்டு மாதப் படங்களைக் கழித்தால் எங்கே நிறை கூடியது, எங்கே குறைந்தது என்று தெரியும். 2017 இல் அந்தச் சோடியின் ஆயுள் முடிந்தது. 2018 மே மாதம் அதன் இடத்துக்கு இன்னொரு சோடி போய்ச் சேர்ந்தது.

அது கண்டுபிடித்தவை பல. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா மாநிலங்களில் ஆறு வருடங்களில் 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீர் இல்லாமற்போனதை 2009 இல் இதைக் கொண்டே சொன்னார்கள். குழாய்க் கிணறு ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்காமல், ஆகாயத்திலிருந்து நிறுத்துச் சொன்னார்கள்.

எங்கள் வாவியை இது காணுமா என்றால், காணாது. இந்தத் தராசின் கண் மிகவும் பரும்படியானது. சில நூறு கிலோமீற்றர் அகலமான பகுதிகளைத்தான் அது பிரித்தறியும். முழு இலங்கையுமே அதற்கு ஒரு மங்கலான புள்ளி. மாரி வெள்ளத்தில் வாவி பெருகிப் படுவான்கரைப் பாதைகள் மூடினாலும் அதற்குத் தெரியாது. ஆனால் வாவிக்கு வரப்போவதை அது வேறு இடத்தில் காண்கிறது. கிறீன்லாந்தின் பனி 2002 இற்குப் பிறகு வருடத்துக்குச் சராசரி 270 கன கிலோமீற்றர் தண்ணீருக்குச் சமமாக உருகிக் கடலில் சேர்ந்திருக்கிறது. எங்கள் வாவியின் பரப்பை 150 சதுர கிலோமீற்றர் என்றும் ஆழத்தைத் தாராளமாக இரண்டு மீற்றர் என்றும் வைத்துக் கணக்குப் பார்த்தேன். வருடத்துக்குத் தொள்ளாயிரம் மட்டக்களப்பு வாவி! அதோடு ஒரு விசித்திரமும் உண்டு. கிறீன்லாந்தின் பனி தன் ஈர்ப்பினால் சுற்றியுள்ள கடலைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்தப் பிடி தளர்கிறது. கிறீன்லாந்தின் ஓரத்தில் கடல் தாழ்கிறது, தூரத்தில், எங்களைப் போன்ற வெப்பவலயக் கரைகளில், உலகச் சராசரியை விடச் சற்றுக் கூடுதலாக உயர்கிறது. அந்தப் பனியை எங்களில் பெரும்பாலானோர் காணப்போவதே இல்லை. அதன் பங்கு மட்டும் முகத்துவாரத்தால் உள்ளே வருகிறது.

இனி 2004 டிசம்பர் 26.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு அடுத்த நாள். நான் மருத்துவபீட மாணவி, விடுமுறையில் வீட்டில் இருந்தேன். எங்கள் வீடு வாவிப் பக்கம் என்பதால் தப்பியது. பிறகு வைத்தியசாலையில் பார்த்தவற்றை இங்கே விவரிக்கப்போவதில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் என்னை விட அதிகம் பார்த்தவர்கள், அதிகம் இழந்தவர்கள். என் வகுப்பில் கூடப் படித்த இருவர் அன்று போய்விட்டார்கள். நாவலடி, டச்பார், கல்லடி, திருச்செந்தூர் என்று பெயர்களைச் சொன்னாலே போதும்.

அந்தப் பூமியதிர்ச்சியை கிரேஸ் செய்மதிகள் பதிவு செய்திருந்தன. சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீற்றருக்கு மேல் கடலடி கிழிந்தது. அதில் பாறை இடம்பெயர்ந்து, ஓரிடத்தில் அடிநிலம் எழுந்து, இன்னோரிடத்தில் தாழ்ந்து விரிந்தது. முந்திய, பிந்திய மாதங்களின் படங்களை ஒப்பிட்டு ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷின்-சான் ஹான் குழுவினர் 2006 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்கள். கிழிந்த கோட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஈர்ப்புக் கூடியிருந்தது, அந்தமான் கடற் பக்கத்தில் குறைந்திருந்தது. அளவு சுமார் 15 மைக்ரோகல், அதாவது g இன் நூறு கோடியில் பதினைந்து பங்கு. அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர் அந்த இடத்தில் நின்றால் தராசில் வரும் வித்தியாசம் ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பரசிற்றமோல் குளிசையை ஐந்நூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டு. அவ்வளவுதான் பூமிக்கு. கரைக்கு வந்து சேர்ந்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இலங்கையில் மாத்திரம் 30,000 பேருக்கு மேல்.

என் தொழில் மொழியில் சொன்னால் இது பிரேத பரிசோதனை. மாதக் கணக்கில் தரவு சேர்த்துச் செய்யும் வேலை. காரணத்தைத் திட்டமாகச் சொல்லும், ஆளைக் காப்பாற்றாது.

நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய நேரம் எது? அன்றைய காலையை நிமிடக் கணக்கில் பாருங்கள். பூமி அதிர்ந்தது இலங்கை நேரம் 6.59 இற்கு. (அப்போது எங்கள் கடிகாரம் அரை மணி முன்னால் இருந்தது, 2006 இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம்.) ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 7.14 இற்கு முதலாவது அறிக்கையை விட்டது. அதில் அளவு 8.0 என்று இருந்தது. 8.04 இற்கு அதை 8.5 ஆக்கினார்கள். எங்கள் கரையில் அலை ஏறியது எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். உண்மையான அளவு 9 இற்கு மேல் என்பது தெரியவந்தது அலை அடித்து ஓய்ந்த பிறகு. 8.0 இற்கும் 9.1 இற்கும் இடையே தாளில் சிறு வித்தியாசம், வெளிப்பட்ட சக்தியில் நாற்பது மடங்குக்கு மேல். 8.0 என்றால் சுமாத்திராவின் பிரச்சினை. 9.1 என்றால் முழு வங்காள விரிகுடாவின் பிரச்சினை. இன்னொரு கொடுமை, அலை இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த நேரத்தில் ஜேசன்-1 என்ற செய்மதி மேலே கடந்து போய், நடுக்கடலில் சுமார் 60 சென்ரிமீற்றர் உயரத்தில் அதை அளந்தும் இருந்தது. அந்தத் தரவைப் பிரித்துப் பார்ப்பதற்கே பல மணித்தியாலங்கள் தேவைப்பட்டன.

அன்று இந்து சமுத்திரத்துக்கென்று எச்சரிக்கை முறைமை இருக்கவில்லை. ஹவாயில் தெரிந்திருந்தாலும் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. அந்தக் குறை பின்னர் தீர்க்கப்பட்டது. எங்கள் நாட்டில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. 2011 இலிருந்து இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்றும் இந்தச் சமுத்திரம் முழுவதற்கும் தகவல் தருகின்றன. மிஞ்சியிருந்தது அளவுப் பிரச்சினை. மிகப் பெரிய பூமியதிர்ச்சிகளின் அளவை முதற் சில நிமிடங்களில் அதிர்வலைகளை வைத்துக் கணிப்பது கஷ்டம். பெரும்பாலும் குறைத்தே கணிக்கப்படும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானிலேயே, உலகின் மிகச் சிறந்த ஏற்பாடுகள் உள்ள நாட்டிலேயே, மூன்று நிமிடத்தில் கிடைத்த கணிப்பு 7.9. அதை வைத்து இவாத்தே மாகாணத்துக்கு 3 மீற்றர், மியாகிக்கு 6 மீற்றர் என்று அறிவித்தார்கள். மூன்று மீற்றர் என்றால் எங்கள் அணை தாங்கும் என்று எண்ணி வீட்டில் இருந்தவர்கள் உண்டு.

ஈர்ப்பு திரும்பவும் வருவது இங்கேதான். கோடிக்கணக்கான தொன் பாறை இடம்மாறும் அதே கணத்தில் சுற்றிலும் ஈர்ப்பு மாறத் தொடங்குகிறது. அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் போகிறது, செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர். அதிர்வலையில் வேகமானது கூடச் செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். மின்னலும் இடியும் போல. மின்னலைக் கண்டால் இடி வருமுன் காதைப் பொத்த நேரம் இருக்கும் அல்லவா? 2016 இல் ஜப்பானின் கமியோக்காவில் உள்ள ஒரு மிக நுண்ணிய ஈர்ப்புமானியின் பதிவுகளில் இதன் தடயம் இருப்பதாக ஒரு குழு சொன்னது. 2017 இல் பிரான்சைச் சேர்ந்த மார்ட்டின் வல்லே குழுவினர், ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட கிலோமீற்றர் தூரங்களில் இருந்த சாதாரண அதிர்வுமானிகளிலேயே, முதல் அதிர்வலை வந்து சேருமுன், இந்தச் சமிக்ஞை பதிவாகியிருந்ததைத் தெளிவாகக் காட்டினார்கள். அதன் அளவு g இன் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குக் கிட்ட. அதிர்ச்சி 9 இலும் குறைந்ததல்ல என்பதை அந்தச் சமிக்ஞையை வைத்து ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் சொல்லியிருக்க முடியும் என்பது அவர்களின் முடிவு. 2022 இல் இதைக் கணினிக்குப் பழக்கி, அதிர்ச்சி வளர வளர அளவைப் பின்தொடரும் முறையும் வெளியாகியிருக்கிறது.

இதை அற்புத மருந்தாக நான் விற்கவில்லை. எட்டேகாலுக்குக் கீழ்ப்பட்ட அதிர்ச்சிகளில் இந்தச் சமிக்ஞை இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். 2004 இல் கடலடி கிழிந்து முடியவே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது, ஆகவே மூன்றாம் நிமிடத்தில் எவராலும் முழு அளவையும் சொல்லியிருக்க இயலாது. ஆனால் 8.0 அல்ல, அதை விட மிகப் பெரிது என்பது பத்து நிமிடத்துக்குள் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். சுமாத்திராவிலிருந்து எங்கள் கரைக்கு 1,600 கிலோமீற்றர் அளவு. ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. நாவலடியை நினைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, இடையில் ஒரு மணற் கீற்று. அங்கிருந்து தோணியில் வாவியைக் கடக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று கரையில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அதிகமாகச் சொல்வதும் பிழை. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்தது. எச்சரிக்கை வந்தது, கரை முழுவதும் சனம் ஓடியது. கட்டிலில் கிடந்த நோயாளிகள் எங்களையும் கூட்டிப் போங்கோ என்று தாதிமாரின் கையைப் பிடித்ததை நான் பார்த்தேன். பெரிய அலை வரவில்லை. அன்று பாறை பக்கவாட்டில் வழுக்கியதே தவிர, கடலடியைப் பெரிதாகத் தூக்கவில்லை. இப்படி இரண்டு மூன்று தடவை ஓடினால் அடுத்த முறை ஓடமாட்டார்கள். அதனால்தான் ஒரு எண்ணை விரைவாகவும் சரியாகவும் அறிவது முக்கியம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒன்று. ‘கடல் உள்வாங்கினால் ஓடு’ என்று எல்லா இடத்திலும் கற்பிக்கிறோம். தாய்லாந்தில் அது சரியாக இருந்தது. அங்கே முதலில் கடல் வற்றியது, பிறகு அலை வந்தது. ஈர்ப்புப் படத்தில் எங்கள் பக்கம் கூடி, அந்தப் பக்கம் குறைந்திருந்தது என்று சொன்னேன் அல்லவா? சுமாத்திராக் கோட்டில் எங்கள் பக்கமுள்ள அடிநிலம் எழுந்தது, அந்தப் பக்கம் தாழ்ந்தது. அதனால் எங்கள் பக்கம் நோக்கி வந்த அலையின் தலை ஏற்றமாகவே இருந்தது. கடல் வற்றியது முதல் அலைக்குப் பிறகு. அடுத்த தடவையும் அதே கோடு கிழிந்தால் பெரும்பாலும் அப்படியே நடக்கும். கடல் வற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு எங்கள் கரையில் முன்னறிவிப்பு இல்லை. சைரன் கேட்டால் போக வேண்டும். கரையோரப் பாடசாலைகளின் ஒத்திகைகளில் இந்த ஒரு வசனத்தைத் திருத்தினால் போதும்.

உரை முடிந்ததும் உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து, அந்தச் சமிக்ஞையைப் பிடிக்கும் கருவி எங்கள் நாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். மலருக்காக எழுதும்போது அந்த விடையையும் சேர்க்கும்படி ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டது. கண்டிக்கு அருகே பல்லேகலயில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் பொறுப்பில் ஓர் அதிர்வுமானி நிலையம் 2004 இற்கு முன்பிருந்தே இயங்குகிறது. உலக வலையமைப்பில் சேர்ந்தது அது. 2004 அதிர்ச்சியின் மையத்திலிருந்து அதன் தூரம் சுமார் 1,700 கிலோமீற்றர், வல்லே குழுவினர் பயன்படுத்திய தூரங்களுக்குள் அடங்குவது. அதிர்வலை அங்கே வர மூன்றரை நிமிடம் எடுக்கும். அதற்கு முந்திய மூன்றரை நிமிடத்துப் பதிவில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அந்த நிலையத்தின் தரவுகளை இணையத்தில் எவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். எங்கே தேடுவது என்று அந்த மாணவியின் பௌதிகவியல் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.